ஜாவா ஸ்விங்கின் பாக்ஸ்லேஅவுட்டில் லேபிள் மட்டும் வலப்பக்கம் தள்ளி நிற்பது ஏன்?

ஸ்விங் (ஜாவாவில் விண்டோ, பொத்தான் போன்றவற்றை உருவாக்கும் தொகுப்பு) படிவத்தில் டெக்ஸ்ட்ஃபீல்டுகளுக்கு மேலே வைத்த 'பெயர்', 'முகவரி' லேபிள்கள் வலப்பக்கம் தள்ளி நிற்கின்றன, செட்ஹாரிசான்டல்அலைன்மென்ட் போட்டும் சரியாகவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

பாக்ஸ்லேஅவுட் (காம்பொனென்டுகளை ஒரே வரிசையில் அடுக்கும் முறை) போட்ட பேனலுக்குள் வைக்கும் ஒவ்வொரு காம்பொனென்டுக்கும் (லேபிள், டெக்ஸ்ட்ஃபீல்டு போன்ற உறுப்பு) செட்அலைன்மென்ட்எக்ஸ் மெதடில் லெஃப்ட்_அலைன்மென்ட் கொடுங்கள். லேபிளுக்கு மட்டும் கொடுத்தால் போதாது.

ஒய்_ஆக்சிஸ் (மேலிருந்து கீழாக அடுக்கும்) பாக்ஸ்லேஅவுட் பார்ப்பது அலைன்மென்ட்எக்ஸ் மதிப்பை. ஜேலேபிளுக்கு அதன் இயல்பு மதிப்பு 0.0, அதாவது இடது ஓரம். ஜேடெக்ஸ்ட்ஃபீல்டு, ஜேபேனல் இரண்டுக்கும் 0.5, அதாவது நடு. ஒரே நெடுக்கோட்டில் ஒன்று இடது ஓரத்தையும் மற்றொன்று தன் நடுவையும் வைக்கப் பார்க்கிறது. அதனால்தான் உங்கள் 'பெயர்', 'முகவரி' லேபிள்கள் ஏறக்குறைய பாதியிலிருந்து தொடங்குகின்றன. பழி லேபிள் மேல் விழுகிறது, காரணம் பெரும்பாலும் கீழே இருக்கும் டெக்ஸ்ட்ஃபீல்டுதான்.

நீங்கள் முயன்ற செட்ஹாரிசான்டல்அலைன்மென்ட் இங்கே உதவாது. அது லேபிளுக்குள் எழுத்தை நகர்த்துமே தவிர லேபிளை நகர்த்தாது. சந்தேகம் இருந்தால் லேபிளுக்குத் தற்காலிகமாக ஒரு சிவப்பு லைன்பார்டர் (சுற்றுக்கோடு) போட்டு ஓட்டிப் பாருங்கள். கட்டம் எழுத்தை ஒட்டியே இருந்து, கட்டமே தள்ளி நின்றால் நான் சொன்ன காரணம்தான்.

அப்படியே இன்னொன்றையும் சரிசெய்துவிடுங்கள்: விண்டோவை இழுத்தால் டெக்ஸ்ட்ஃபீல்டு உயரமாக வீங்கும். அதன் உச்ச அளவை வைக்கும் செட்மேக்சிமம்சைஸில் அகலத்துக்கு இன்டிஜர்.மேக்ஸ்_வேல்யூ (மிகப் பெரிய எண், அதாவது வரம்பில்லை), உயரத்துக்கு கெட்ப்ரெஃபர்டுசைஸ் (அதற்குத் தேவையான அளவு) தரும் உயரம் கொடுங்கள். ஃபான்ட் மாற்றுவதாக இருந்தால் மாற்றிய பிறகே இந்த வரி வர வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து வெட்டுப்படும்.

லேபிளும் ஃபீல்டும் பக்கத்துப் பக்கத்தில், எல்லா வரிசையிலும் நேராக வர வேண்டுமென்றால் பாக்ஸ்லேஅவுட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். கிரிட்பேக்லேஅவுட்டுக்கு (கட்டம் கட்டமாக அடுக்கும் முறை) மாறி, ஃபீல்டு பத்திக்கு வெயிட்எக்ஸ் (மிச்ச அகலத்தில் அதற்கான பங்கு) 1.0, ஃபில் ஹாரிசான்டல் (கட்டத்தின் அகலம் முழுவதும் நிரப்புவது) கொடுங்கள். வெயிட் எல்லாமே 0 என்றால் மொத்தமும் நடுவில் குவிந்துவிடும்.