ரத்தம் குறைவு, ஆனாலும் ஏற்ற மறுப்பது ஏன்?

கேள்வி: என் தம்பி மகனுக்கு 9 வயது. சிக்கிள் செல் நோய், அதாவது சிவப்பணு அரிவாள் போல வளையும் ரத்தசோகை. ஹீமோகுளோபின் எப்போதும் 8தான். போன மாதம் கை, கால் வலியில் துடித்தான். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றச் சொல்லிக் கெஞ்சினோம். டிரிப்ஸும் வலி ஊசியும் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஏழைகள் என்பதால் அலட்சியமா, டாக்டர்? - வாசகி, கூடலூர்.

பதில்: இல்லையம்மா, அவர்கள் செய்தது சரி. இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் கண்டறிந்ததே உங்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952ல். அங்குள்ள மருத்துவர்களுக்கு இது புதிதல்ல.

சிவப்பணுவின் அகலம் 7, 8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). நுண்குழாய்கள் பல அதைவிடக் குறுகல். நல்ல அணு நெளிந்து வளைந்து நுழைந்துவிடும். இவனுடைய அணு ஆக்சிஜனை இறக்கிவிட்டதும், உள்ளே ஹீமோகுளோபின் இழை இழையாகக் கோத்துக்கொண்டு விறைத்துப்போகிறது. மாணவர்களுக்கு இதைக் காட்டுவேன்: இந்த நோயாளியின் ஒரு சொட்டு ரத்தத்தில், ஆக்சிஜனை அகற்றிவிடும் மெட்டாபைசல்ஃபைட் கரைசல் கலந்து, காற்றுப் புகாமல் கண்ணாடி மூடி வைத்தால், வட்டமாக மிதந்த அணுக்கள் கொஞ்ச நேரத்தில் கோணி, இரண்டு முனையும் கூராகி அரிவாளாக நிற்கும். இவை குழாயை அடைப்பதால்தான் அந்த வலி.

விறைத்த அணுக்கள் இருந்தும் ரத்தம் ஓடுகிறதென்றால், அணுக்கள் குறைந்து ரத்தம் நீர்த்திருப்பதுதான் காரணம். அந்த நிலையில் ஏற்றி ஏற்றி ஹீமோகுளோபினை 11, 12க்குக் கொண்டுபோனால் ரத்தம் கெட்டியாகி ஓட்டம் மந்தப்படும், பக்கவாதம்கூட வரலாம். வெறும் வலிக்காக நாங்கள் ரத்தம் ஏற்றுவதில்லை. ஏற்ற வேண்டி வந்தாலும் 10ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வோம்.

வழக்கமான அளவிலிருந்து திடீரென 2 கிராம் இறங்கினாலோ, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, வாய் கோணினாலோ கதை வேறு. ஒரு நிமிடம் தாமதிக்காதீர்கள். அப்போது ரத்தம்தான் உயிர் காக்கும். பக்கவாதம் என்றால் அவன் ரத்தத்தை எடுத்துக்கொண்டே நல்ல ரத்தத்தை ஏற்றுவார்கள். காய்ச்சலுக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரி; கைவைத்தியம் வேண்டாம்.

ஹைட்ராக்ஸியூரியா கொடுக்கிறார்களா? இல்லையென்றால் அவசியம் கேளுங்கள். வலி வரும் தடவைகளைக் குறைக்கும் மருந்து அது. சோகைதானே என்று இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாக வாங்கித் தராதீர்கள். பள்ளிக்கூடத்தில் அவன் அடிக்கடி தண்ணீர் குடிக்க டீச்சரிடம் சொல்லி வையுங்கள். உங்கள் ஊர்க் குளிருக்கு ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே விடாதீர்கள்.

அவனுடைய வழக்கமான ஹீமோகுளோபின் அளவை ஒரு நோட்டில் எழுதி வைத்து, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.