ஓநாய்க்கு யார் செலவு செய்வது?

கேள்வி: மலையில் மேயும் செம்மறிகளை ஓநாய்கள் கொல்கின்றனவாம். சுட அனுமதிக்கும் சட்டத்தைச் சனங்களே வாக்குப் போட்டுத் தோற்கடித்தார்கள் என்று சுவிஸிலிருக்கும் என் மகன் சொல்கிறான். ஆடு வளர்க்கிறவனைவிட ஓநாய் பெரிதா? எங்கள் ஊரென்றால் ஒரே நாளில் கதை முடிந்திருக்கும்!
(வாசகர் ஒருவர், சங்கானை)

பதில்: எங்கள் ஊரில் ஓநாயே இல்லை, ஐயா. இலங்கையில் இருப்பது நரிதான். அதனால் எங்கள் வீரத்தை இன்னும் யாரும் சோதிக்கவில்லை. ஆட்டுக்கொட்டிலுக்குள் புகுந்து குதறும் கட்டாக்காலி நாய்களின் கதையை ஒரே நாளில் முடித்துவிட்டோமா?

மகன் சொன்னது பழைய செய்தி. 2020இல் 51.9 வீதமானோர் அந்தச் சட்டத்தை நிராகரித்தது உண்மை. ஆனால் 2022இல் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றிவிட்டது. 2023 டிசம்பரிலிருந்து, சேதம் நடக்குமுன்பே ஓநாய்களைச் சுட மாநிலங்கள் அனுமதி பெறலாம், சுட்டும் வருகிறார்கள். ஐரோப்பாவின் காட்டுயிர்களைக் காக்கும் உடன்படிக்கையான பேர்ண் சமவாயத்திலும் 2024 டிசம்பரில் ஓநாயின் பாதுகாப்பை ஒரு படி இறக்க முடிவானது. கேட்டது ஐரோப்பிய ஒன்றியம். (ஒன்றிய ஆணைக்குழுத் தலைவி உர்சுலா வொன் டெர் லெயனின் மட்டக்குதிரையை 2022இல் ஓநாய் கொன்றது. இரண்டுக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு; நான் போடவில்லை.)

சரி, சுட்டால் தீருமா? சுவிஸில் ஓநாயை ஒரு காலத்தில் அடியோடு ஒழித்தார்கள். அப்புறம் கோடை முழுக்கச் செம்மறிகளை மேய்ப்பன் இல்லாமலே மலையில் விடுவது பல இடங்களில் வழக்கமானது. 1995இல் இத்தாலிப் பக்கமிருந்து ஓநாய் திரும்பி வந்தபோது மந்தைக்குக் காவல் இல்லை. இன்று ஒன்றைச் சுட்டால் நாளை எல்லை தாண்டி இன்னொன்று வரும். மேய்ப்பனும் காவல் நாயும் மின்வேலியும் எப்படியும் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓநாயால் சாகும் செம்மறி ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை என்று ஆர்வலர்கள் கணக்குக் காட்டுவார்கள். கணக்குச் சரிதான். ஆனால் ஒரே இரவில் இருபது ஆட்டைப் பறிகொடுத்தவனிடம் போய் அந்தச் சராசரியைச் சொல்லிப் பாருங்கள்!

என் கோபம் ஓநாயில் இல்லை. 2020இல் ஓநாய்க்காக வாக்களித்தது சூரிச் போன்ற நகரங்கள். சுட வேண்டும் என்றது வலே போன்ற மலை மாநிலங்கள். இரவில் விழித்திருப்பவனும் மலைக்காரனே. செத்த ஆட்டுக்கு அரசு நட்டஈடு கொடுக்கிறது. வேலிக்கும் நாய்க்கும் உதவி உண்டு, ஆனால் முழுச் செலவுக்கும் இல்லை; செங்குத்தான சரிவில் வேலியை மாற்றி மாற்றி நடும் உழைப்புக்குப் பில் போட முடியாது. ஓநாய் வேண்டும் என்று வாக்குப் போட்ட நகரத்தான் அந்த மிச்சத்தையும் தன் வரியிலிருந்து கட்டட்டும்.