போருக்குப் பிறகு வோக்ஸ்வாகன் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் அப்படி என்னதான் செய்தார்?

'பிரிட்டன் ஏமாந்துபோய் வோக்ஸ்வாகனைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டது' என்று சொல்லும் வீடியோ எதையாவது பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வீடியோக்களில் ஹர்ஸ்ட் பெயர் ஒரு நொடி வந்து போகும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வோக்ஸ்வாகனின் 'பீட்டில்' காரை வடிவமைத்தது ஃபெர்டினாண்ட் போர்ஷே. போர்க்காலத்தில் அந்த ஆலையில் ஆயிரக்கணக்கானோர் கட்டாய உழைப்பில் வதைபட்டார்கள். இரண்டையும் நான் மறைக்கவில்லை.

ஹர்ஸ்ட் மான்செஸ்டரில் ஒளியியல் கருவிப் பொறியியல் படித்தவர். போரில் ராணுவத்தின் மின், இயந்திரப் பொறியாளர் படைக்கு வந்து, நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் இறங்கிய பிறகு பிரஸ்ஸல்ஸில் டாங்கி பழுதுபார்க்கும் பணிமனையை நடத்தினார். 1945 ஆகஸ்டில், வோக்ஸ்வாகன் ஆலை இருந்த ஜெர்மன் ஊரான வோல்ஃப்ஸ்பர்க்குக்குப் போகச் சொன்னார்கள். 1944-ல் குண்டுகள் விழுந்த ஆலை அது. மின்நிலையத்தில் இரண்டு டர்பைன்களுக்கு நடுவே விழுந்த குண்டு வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் முதலில் கைவைத்தது கார் அல்ல, சாக்கடை. வடிகால் அடைத்து நின்றது. அதைத் திறந்து, குண்டுப் பள்ளங்களை மூடவைத்தார்.

ஆலையை இழப்பீடாகக் கழற்றிக்கொண்டு போகும் ஏற்பாடு இருந்தது. பிரிட்டிஷ் படையிடமோ ஓடி ஓய்ந்த வண்டிகள்தான். ஹர்ஸ்ட் ஒரு பீட்டிலுக்கு ராணுவப் பச்சை அடித்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார். 20,000 கார்களுக்கு ஆர்டர் வந்தது. படைக்கு வேண்டும் என்றானதும் கழற்றும் பேச்சு தள்ளிப்போனது. 'சும்மா கொடுத்தார்கள்' என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆலை நாஜித் தொழிலாளர் முன்னணியின் சொத்தாக இருந்தது. பிரிட்டன் அதை அறங்காவலர்போல வைத்திருந்ததே தவிர, அது பிரிட்டனின் சொத்தல்ல. பிரிட்டிஷ் கார் நிறுவனங்களும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டன.

போர்க்கால ஜீப் போன்ற கூபல்வாகனையே ஏன் தொடரவில்லை என்று சிலர் கேட்பார்கள். அதன் உடற்கூட்டைப் பிரஸ் செய்தது பெர்லினில் ஆம்பி-பட் ஆலை; அந்த இடம் சோவியத் பகுதிக்குள் போய்விட்டது. பீட்டிலின் உடற்கூட்டு அச்சுகள் வோல்ஃப்ஸ்பர்க்கிலேயே இருந்தன.

அடுத்த முட்டுக்கட்டை, எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு நின்றுபோனது. ஒன்றை மேசைமேல் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். வெளிக்கூட்டை ஆலையிலேயே வார்த்துவிடலாம். ஜெட், மிதவை போன்ற பொடிச் சாமான்கள்தான் தலைவலி. ஜெட்டின் துளை மயிரிழை பெருத்தாலும் பெட்ரோல் அதிகமாகப் பாயும், எஞ்சின் புகை கக்கும். மிதவையை ஒட்டிய இணைப்பில் நுண்ணிய ஓட்டை இருந்தால் உள்ளே பெட்ரோல் புகுந்து மிதவை மூழ்கும், வழிந்து எஞ்சின் நின்றுவிடும். பக்கத்து ஊரான பிரவுன்ஷ்வைக்கில் ஃபோக்ட்லெண்டர் கேமரா நிறுவனம் இருந்தது. நுண்பொருள் அளவில் தவறாத கைகள் அங்கே. வேலையை அவர்களிடம் கொடுத்தார். ஒளியியல் படித்தவருக்கு இந்த வழி தோன்றியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

1945 டிசம்பர் 27-ல் பீட்டில் உற்பத்தி தொடங்கியது. 1946 மார்ச்சில் மாதம் 1,000. எஃகுத் தட்டுப்பாடு, தொழிலாளருக்குச் சாப்பாட்டுப் பஞ்சம், போதாததற்கு 1946-47 குளிர்காலத்தில் நிலக்கரி இல்லாமல் ஆலையே நின்றது.

ஆலைக்குள் சரக்கு நகர்த்த உதவிய தன் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் படை திரும்ப வாங்கிக்கொண்டபோது, பீட்டில் அடிச்சட்டத்தின் முன்பக்கம் பலகைத் தளமும் பின்னால் எஞ்சினுக்கு மேலே ஓட்டுநர் இருக்கையும் வைத்து ஒரு தள்ளுவண்டி மாதிரியான வாகனம் செய்யவைத்தார். அதைப் பார்த்த டச்சு வணிகர் பென் பான் 1947 ஏப்ரலில் வரைந்த கிறுக்கலே பிறகு வோக்ஸ்வாகன் வேன் ஆனது. எல்லாரும் பென் பான் பெயரைச் சொல்வார்கள், அந்தப் பலகை வண்டியைச் சொல்ல மாட்டார்கள். பொதுவாகவே வரைந்தவருக்குப் பேர், ஓடவைத்தவருக்கு ஒன்றுமில்லை. பழுதுபார்ப்பவர்களை இரண்டாம் தரமாகப் பார்க்கும் இந்தப் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

ஓபெல் கார் நிறுவனத்தில் இருந்த ஹைன்ஸ் நோர்டோஃபை ஹர்ஸ்ட் பேட்டி கண்டு, மேலதிகாரி கர்னல் ராட்கிளிஃபிடம் பரிந்துரைத்தார். 1948 ஜனவரியில் ஆலையின் நிர்வாகப் பொறுப்பு நோர்டோஃப் கைக்குப் போனது. 1949-ல் ஆலை ஜெர்மனியிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே வருடம் ஹர்ஸ்டும் கிளம்பினார். பிறகு பிரிட்டிஷ் வெளியுறவுத்துறையின் ஜெர்மன் பிரிவு, அடுத்து 1975 வரை பாரிஸில், 1961-ல் OECD என்று மாறிய ஐரோப்பியப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பில் வேலை. 2000 மார்ச்சில் 84 வயதில் இறந்தார். வோல்ஃப்ஸ்பர்க்கில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.