மட்டக்களப்பில் வேலைக்குப் போகிற ஒருவர் தனியாக நாய் வளர்க்க முடியுமா? தினமும் எவ்வளவு வேலை இருக்கும்?

முடியும். ஆனால் அந்த ஹஸ்கிக் குட்டி வேண்டாம்.

கண்டியிலிருந்து மாற்றலாகி வந்திருப்பதாகவும், வங்கி வேலை என்பதால் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை வீட்டில் ஆளில்லை என்றும், நண்பர் ஒருவர் ஹஸ்கிக் குட்டியொன்றை இலவசமாகத் தருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சைபீரியப் பனியில் வண்டி இழுப்பதற்கென்று வளர்க்கப்பட்ட நாய் அது. உடம்பில் இரண்டு அடுக்கு மயிர். நீங்கள் இன்னும் எங்கள் கச்சானைச் சந்திக்கவில்லை போலிருக்கிறது. வறுத்துத் தின்கிற கச்சானைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன். ஆனி, ஆடியில் மலைநாட்டிலேயே ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு எங்கள் பக்கம் இறங்கி வருகிற காற்று. கொடியில் போட்ட சேலை அரை மணி நேரத்தில் மொரமொரவென்று காய்ந்துவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பூட்டிய வீட்டுக்குள், தகரக் கூரைக்குக் கீழே, அந்த மயிரோடு ஒன்பது மணி நேரம் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். மூக்குச் சப்பையான பக் நாயும் சரியாக மூச்சிரைக்க முடியாமல் இங்கே அவதிப்படும். ஊர் நாய்தான் இந்த வெயிலுக்குப் பிறந்தது.

நான் கல்லடியில் அம்மாவோடு இருக்கிறேன். அலுவலக வேலை. இப்போது எங்களிடம் இருப்பவள் கறுப்பி, ஊர் நாய், வயது ஆறு. அவளுக்கு முன் ஜிம்மி இருந்தான். அவனைப் பற்றிச் சொல்லாமல் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

ஜிம்மி ஒரு வெள்ளிக்கிழமை சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். வெயில் என்று நினைத்தேன். சனிக்கிழமை வாலை மட்டும் ஆட்டினான். ஞாயிறு காலை மூக்கிலிருந்து ஒரு சொட்டு இரத்தம். எங்கேயோ முட்டிக்கொண்டிருப்பான் என்று அம்மா மஞ்சள் பூசினார். திங்கட்கிழமை ஆட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது அவர் முதலில் செய்த காரியம், அவன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்ததுதான். பல் முரசு காகிதம் போல வெளுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது இரத்தத்துக்குள் ஏறுகிற கிருமி, இரத்தம் உறைய உதவும் அணுக்களைக் குறைத்துவிடும். வேளைக்கே பிடித்தால் டொக்சிசைக்கிளின் மாத்திரையில் மாறக்கூடிய நோய். புதன்கிழமை ஜிம்மி இல்லை. அவன் காதுக்குள்ளே உண்ணி திராட்சைக் குலை போல இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். தினமும் தலையைத் தடவியவன்தான், காதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து மாலை வேலை ஒன்று தவறுவதில்லை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் முற்றத்துப் பலகையில் உட்காருவேன், கறுப்பி தானாக வந்து முன்னால் படுப்பாள். காதுக்குள், காதின் பின்மடிப்பு, கழுத்துப் பட்டிக்குக் கீழே, அக்குள், கால் விரல் இடுக்குகள், வாலின் அடி. உண்ணி ஒளிகிற இடங்கள் இவைதாம். கண்ணுக்கு அகப்படாதது விரலுக்கு அகப்படும். பிறகு உதட்டைத் தூக்கி முரசைப் பெருவிரலால் அழுத்தி எடுப்பேன். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். பத்து நிமிடம் போதும். சாப்பாட்டை விட, நடையை விட, இந்தப் பத்து நிமிடம்தான் நாய் வளர்ப்பு என்பது என் கட்சி. குட்டியிலிருந்தே பழக்கினால் பின்னர் வைத்தியர் தொடும்போதும் சீறாது.

உண்ணியைப் பிடுங்கினால் நகத்தால் நசுக்க வேண்டாம். தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். நாயில் இருப்பது கொஞ்சம்தான், மிச்சம் சுவரில் இருக்கிறது. பெண் உண்ணி இரத்தம் குடித்து வீங்கியதும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒரு தடவை கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் காயவையுங்கள், வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள். உண்ணிக்கான மாத்திரையும் முதுகில் விடும் மருந்தும் இருக்கின்றன. நாயின் எடையைச் சொல்லி வைத்தியரிடம் கேட்டே வாங்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் அதையும் சொல்லுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

ஊரில் எல்லாரும் உங்களுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில், உண்ணிக்கு மண்ணெண்ணெய். இரண்டும் தோலை எரித்து, நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். சொறி என்பது கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் வேலை, அதற்கு மருந்து இருக்கிறது. மனிதக் காய்ச்சல் மாத்திரையான பரசிற்றமோலையும் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள், ஈரல் தாங்காது.

காலையில் ஐந்தேகாலுக்கு எழும்பிக் கடற்கரைக்கு நடப்போம். எட்டு மணிக்குப் பிறகு மணல் சுடும். உங்கள் வெறுங்காலை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயாலும் முடியாது. கயிறு இல்லாமல் போகாதீர்கள். தெருநாய்களுக்காக மட்டும் சொல்லவில்லை. கரைவலை இழுத்து முடிந்த இடத்தில் விற்க முடியாத மீனை மணலில் வீசியிருப்பார்கள், அதில் பேத்தை கிடக்கும். ஊதிய வயிறோடு பந்து போலக் கிடக்கிற அந்த மீனின் நஞ்சு நரம்பை மரக்கச் செய்து மூச்சை நிறுத்தும். சமைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் இல்லை. கறுப்பி ஒரு தடவை அதை வாயில் கவ்வியேவிட்டாள். வலை இழுக்கிற ஒரு பெரியவர், "தம்பி, நாயின் வாயைப் பார், பேத்தை!" என்று கத்தியதால் பறித்தெடுத்தேன். கை நடுக்கம் வீடு வந்து சேரும் வரை நிற்கவில்லை. "போடு" என்றால் வாயிலிருப்பதைப் போடுவதற்குப் பழக்குங்கள். கைகொடுப்பது, உருளுவதெல்லாம் பிறகு.

சாப்பாடு இரண்டு நேரம். 2022 இல் பையில் வரும் நாய்த் தீனியின் விலை ஏறிய ஏற்றத்தில் நாங்கள் மறுபடியும் சோற்றுக்கே வந்துவிட்டோம். சோறு, முள் நீக்கிய சூடை மீன் அல்லது கோழி ஈரல், பூசணித் துண்டு, உப்பில்லாமல் ஒன்றாக அவித்தது. "என் அப்பா காலத்தில் நாய்க்குத் தனிப் பானையா வைத்தோம்? மிஞ்சிய கறியைத்தானே தின்று வளர்ந்தது" என்று அம்மா இன்றைக்கும் கேட்பார். அந்த நாய்கள் எத்தனை வயது வரை இருந்தன என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. கறியில் வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் இருக்கின்றன, இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அவித்த கோழி எலும்பு ஊசி போலப் பிளந்து குடலைக் கிழிக்கும். மார்கழியில் அயலவர் கொண்டுவரும் கிறிஸ்மஸ் கேக்கை மேசைமேல் மறந்து வைக்காதீர்கள். அதிலுள்ள பிளம்ஸ் காய்ந்த திராட்சைதான், சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் நின்றுவிடும். தண்ணீர் எந்நேரமும் நிழலில், மண்சட்டியில். கச்சான் காலத்தில் நீங்கள் வேலைக்குப் போகும்போது இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்றைக் கவிழ்த்துவிட்டால் மற்றது இருக்கும்.

ஊசி விஷயத்தில் பேரம் இல்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பதினாறு வாரம் வரை. வெறிநோய்க்கான விசர் ஊசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். விசர் ஊசியைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாகவே ஊர் ஊராக வந்து போடுகிறார்கள். திகதியை உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் நாயே விளையாட்டில் பல் பதித்தாலும் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசரின் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை.

இனி மழை. ஐப்பசி கடைசியில் தொடங்கித் தை வரை. வாவி நிரம்பினால் வளவுக்குள் தண்ணீர் வரும், தண்ணீரோடு புடையன் பாம்பும் வரும். எலிச்சிறுநீர் கலந்த தண்ணீரை நாய் நக்கினால் எலிக்காய்ச்சல் வரலாம், அது உங்களுக்கும் தொற்றும். அதற்கான ஊசியும் உண்டு, மழைக்கு முன் போட்டுவிடுங்கள். விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்தாவிட்டால் புண் வரும். மழைக்காலத்தில் நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டு வெளியே போகவே போகாதீர்கள். 1978 நவம்பர் 23 ஆம் திகதிப் புயலின்போது அம்மாவுக்குப் பதினான்கு வயது. கூரை பறந்ததும் எல்லாரும் பக்கத்துக் கல்வீட்டுக்கு ஓடினார்கள். நாய் பின் வளவில் கட்டியிருந்தது. காலையில் அதன்மேல் தென்னை கிடந்தது. வேறு எத்தனையோ இழந்த குடும்பம்தான், ஆனாலும் அம்மா புயல் கதை சொன்னால் அந்தச் சங்கிலியில் வந்துதான் நிற்பார். எங்கள் வீட்டில் சங்கிலி கிடையாது. வேலியை அடைத்தோம், படலைக்குக் கொளுக்கி போட்டோம்.

காத்தான்குடியிலிருந்து அலுவலக நண்பர் ஒருவர் வருவார். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவித் துப்புரவாக்க வேண்டும், அது அவருக்குச் சிரமம். தெருமுனையிலேயே தொலைபேசியில் "தம்பி, ஆளை உள்ளே போட்டாயா?" என்று கேட்பார். "போட்டாயிற்று நானா" என்பேன். கறுப்பி அறைக்குள் போய்விடுவாள். அவர் கதிரையில் இருந்து தேநீர் குடித்தபடி, "சுகமாக இருக்கிறாளா?" என்றும் கேட்பார். அவள் எங்கள் வீட்டாள், அவளால் வரும் சிரமம் வீட்டுக்கு வருகிறவருக்கு வேண்டியதில்லை.

பெட்டை நாய் என்று தயங்க வேண்டாம். ஆறு மாதமளவில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள். சிலர் மலிவென்று கருத்தடை ஊசி போடுவார்கள். அந்த ஊசி கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தைக் கூட்டுகிறது, பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஆண்டுக்கு இரண்டு ஈற்று, அப்புறம் அந்தக் குட்டிகளுக்கு என்ன நடக்கும் என்பதற்குக் கறுப்பியே சாட்சி. ஒரு தை மாதக் காலையில், சவுக்கு மரத்தடியில், வாய் கட்டிய அரிசிப் பைக்குள் மூன்று பெட்டைக் குட்டிகள். ஒன்று ஒரு கிழமைக்குள் பார்வோவில், இரத்தமாகக் கழிந்து செத்தது. ஒன்றை ஏறாவூர்ப் பக்கத்து உறவினர் கொண்டுபோனார். மிஞ்சியவள் இவள்.

கணக்குப் பார்த்தால் எனக்குக் காலையில் முக்கால் மணி, மாலையில் அரை மணி, ஞாயிறு குளிப்பாட்ட ஒரு மணி. உங்களுக்குச் சிக்கல் நடுவிலுள்ள ஒன்பது மணி நேரம். எனக்கு அம்மா இருக்கிறார். நீங்கள் மூன்று மாதத்துக் குட்டியைத் தனியே விட முடியாது, மூன்று நான்கு மணிக்கு ஒரு தடவை அதற்குச் சாப்பாடும் ஆளும் வேண்டும். மதியம் வந்து பார்க்க ஒரு அயல் வீட்டு மாமியையாவது முதலில் பிடியுங்கள். நீங்கள் கண்டிக்குப் போகும் நீண்ட விடுமுறைக்கும் அவர்தான். மாமி சம்மதித்த பிறகு நாய். அதுவும் முடியாதென்றால் ஒரு வயது தாண்டிய, குணம் தெரிந்த நாயாக எடுங்கள், பகலெல்லாம் தூங்கிக் கழித்துவிடும்.

குட்டிதான் வேண்டுமென்றால் மழை விட்டதும், தை மாசியில், கடற்கரைச் சவுக்கு மரப் பக்கம் விடியப்புறம் நடந்து பாருங்கள். ஒரு துவாயைக் கையோடு கொண்டுபோங்கள். குட்டிகளைக் கட்டிப் போடுகிற பை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.