காசு மிச்சமாகும் என்பதற்காகவே சிகரெட்டை விட முடியுமா?

"மாதம் நாலாயிரம் ரூபாய் சிகரெட்டுக்கே போகிறது. உடம்பு, குடும்பம் என்று எது சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை. காசை நினைத்தாவது விட முடியுமா, அப்படி விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நாலாயிரத்தைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். என் தொகையும் அதேதான்.

உங்களுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். இருபதாம் தேதிக்கு மேல் பர்ஸ் இளைத்துப்போய், ராத்திரி போன் கால்குலேட்டரில் பெருக்கிப் பார்த்திருப்பீர்கள். வருடத்துக்கு ஐம்பதாயிரம் என்று வந்ததும் "சே" என்று சொல்லிவிட்டு, அந்த அதிர்ச்சியைத் தணிக்க மாடிக்குப் போய் ஒன்று பற்ற வைத்திருப்பீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து திட்டுவார்கள். நான் டாக்டர் இல்லை. உடம்புக்காக விடுவதுதான் சிறந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விட்ட ஒரு வருடத்தில் இதய நோய் ஆபத்து, பிடிப்பவருக்கு இருப்பதில் சுமார் பாதியாகிவிடும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இதெல்லாம் தெரிந்தும் பதினாறு வருடம் பிடித்தவன் நான். 2016-இல் பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வைத்தார்கள். என் போன்றவனுக்கு அதனால் என்ன பயன்? நாம் வாங்குவது சில்லறையில், ஒன்று ஒன்றாக. படம் கடைக்காரர் பக்கம் இருக்கிறது, சிகரெட் நம் கையில் இருக்கிறது. விலையும் அப்படித்தான், அன்று ஒன்றுக்குப் பதினேழு ரூபாய், பதினேழு பதினேழாகப் போனதால் வலிக்கவில்லை.

"வெறும் காசுக்காக விட்டாயா?" என்று இளக்காரமாகக் கேட்கும் ஆட்களும் உண்டு. ஆமாம், காசுக்காகத்தான். வாங்கியது கடனுக்கு, சம்பளத்தில் பாதி வாடகைக்கு, இதில் என்ன கௌரவம் பார்க்கச் சொல்கிறீர்கள்?

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நாள் முழுக்கக் கையில் நீளம் அளக்கும் வெர்னியர் காலிப்பர் இருக்கும். ஒருநாள் சும்மா கிங்ஸ் என்கிற நீளமான சிகரெட்டை அளந்து பார்த்தேன், 84 மில்லிமீட்டர். நம் நாட்டில் சிகரெட் வரியில் ஒரு பகுதி நீளத்தைப் பார்த்துத்தான், 65, 70, 75 என்று படி வைத்திருக்கிறார்கள். நீளம் கூடினால் வரியும் கூடும். அப்படியானால் குட்டை சிகரெட்டுக்கு மாறினால் லாபம்தானே என்று ஒரு யோசனை தோன்றியது. அப்போது கிங்ஸ் பதினேழு ரூபாய், குட்டை ஃபில்டர் பத்து ரூபாய். எட்டு கிங்ஸ் பிடித்த இடத்தில் எட்டு குட்டை பிடித்தால் எண்பது ரூபாயில் நாள் முடிந்துவிடும் என்பது திட்டம். மூன்றாவது வாரம் எண்ணிப் பார்க்கிறேன், பதினான்கு பிடித்துக்கொண்டிருக்கிறேன். எட்டு பதினேழு 136, பதினான்கு பத்து 140. மிச்சம் பிடிக்கப் போய் நாளைக்கு நாலு ரூபாய் நஷ்டம். என் பக்கத்து மெஷின்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், காசு மிச்சம் என்று பீடிக்கே மாறினார். அவருக்குக் காசு மிச்சமானது உண்மை. ஆனால் இருமலைக் கேட்டால் ஷாப்பில் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆகவே காசு காசு என்று மட்டும் நினைத்தால் மலிவானதைத் தேடத்தான் புத்தி போகும், விடுவதற்குப் போகாது. இது முதல் எச்சரிக்கை.

விலை ஏறினால் தானாக விட்டுவிடுவார்கள் என்பதையும் நான் நம்ப மாட்டேன். 2020 ஏப்ரலில், ஊரடங்கில் கடையெல்லாம் மூடிக்கிடந்தபோது ஒரு பாக்கெட் 300 ரூபாய் கொடுத்து, பால் வாங்கப் போவதுபோல் பை எடுத்துக்கொண்டு போய் வாங்கினவன் நான். அப்போது எனக்குப் பாதிச் சம்பளம் வேறு.

அதற்கும் முன்னால், 2018-இல் ஒருமுறை விட்டுப் பார்த்தேன். தினம் நூறு ரூபாயை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. ஆவணி பிறந்தது. எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம், மொய் என்றால் சும்மா இல்லை. ஒரே முகூர்த்தத்தில் மூன்று பத்திரிகை. பாட்டில் காலி. பங்காளி ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்கு அதிலிருந்து 5,001 எழுதினேன். அடுத்த வருடம் என் பெண்ணுக்குச் சடங்கு வைத்தபோது அதே ஆள் வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு 501 எழுதிவிட்டுப் போனார். மொய் நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. மொய் வட்டியில்லாக் கடன், ஏழைக்கு உதவும் பண்பாடு என்றெல்லாம் கட்டுரை எழுதுகிறவர்கள் ஒருமுறை அந்த நோட்டை வந்து பார்க்கலாம். 5,001 எங்கே, 501 எங்கே? ஒரு பூஜ்யத்தை எழுத மறந்துவிட்டார் என்று என் அம்மா இன்றுவரை சமாதானம் சொல்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாட்டில் காலியான அன்று சாயங்காலமே நான் பெட்டிக்கடைக்குப் போய்விட்டேன். எதற்காக விட்டேனோ அந்தக் காசே இல்லை, அப்புறம் எதற்கு விட வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

நிஜமாக விட்ட கதை 2020 டிசம்பரில் ஆரம்பிக்கிறது. எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையில் எனக்குக் கணக்கு நோட்டு உண்டு. மாசம் பிறந்தால் கொடுப்பது. அந்த வருடம் சம்பளம் இழுத்ததில் பாக்கி ஏறிவிட்டது. "அண்ணாச்சி, பத்தாம் தேதி வரைக்கும் டைம் கொடுங்க" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவே இல்லை. "இதுல என்ன தம்பி, உங்களை மாதிரி நாலு பேர் தவறாம வாங்குறதாலதான் நான் சீட்டே கட்டிட்டு வர்றேன். பையன் காலேஜ் பீஸு அந்தச் சீட்டுலதான் போகுது" என்றார். நன்றி சொல்வதுபோல்தான் சொன்னார், குத்திக் காட்டவில்லை. நான் நோட்டை வாங்கிப் புரட்டினேன். பழுப்புத் தாள், ஒவ்வொரு வரியிலும் ஊதா மையில் "கி 3", "கி 2", "கி 4, ஹால்ஸ்" (கி என்றால் கிங்ஸ்). ஜூனிலிருந்து நவம்பர் வரை கூட்டினால் 23,740 ரூபாய். டீ தனி, அது வேறு கடை.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வீட்டில் ஒரு சண்டை. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) சேர்க்கும் அக்கா ஒருவர் எங்கள் தெருவில் வீடு வீடாக வருவார். என் மனைவி மாதம் ஆயிரத்துக்காவது ஒன்று போடலாம் என்றபோது, "ஆயிரத்துக்கு நான் எங்கே போவேன்" என்று கத்தியிருந்தேன். அதே நான்தான் அண்ணாச்சி பையனின் காலேஜ் பீஸுக்கு மாதம் நாலாயிரம் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சிக்குச் சிகரெட்டில் நிற்பது சில்லறைதான், நாலாயிரமும் அவருக்குப் போகவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தத் தெளிவு இல்லை, நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இங்கேதான் மற்றவர்கள் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்தேன். எல்லாரும் "விடு, காசு சேரும்" என்பார்கள். நான் பிடித்துக்கொண்டிருக்கும்போதே 2021 ஜனவரியில் மாதம் நாலாயிரத்துக்கு ஆர்.டி. ஆரம்பித்துவிட்டேன். ஐந்து வருடம், அறுபது தவணை, அன்றைக்கு வட்டி 5.8 சதவீதம். ஐந்தாம் தேதி அக்கா கார்டோடு வாசலில் வந்து நிற்பார், மனைவி எடுத்துக் கொடுத்துவிடுவார். பிறகு என் பர்ஸில் சிகரெட்டுக்கு என்று ஒன்றும் இருக்காது. அண்ணாச்சியிடமும் பாக்கியை அடைத்துவிட்டு, "இனிமே எனக்கு நோட்டுல எழுதாதீங்க, ரொக்கம்தான்" என்று சொல்லிவிட்டேன்.

உடனே விட்டேனா? இல்லை. எட்டு மூன்றாகக் குறைந்தது, மீதியை ஷாப்பில் ஓசி வாங்கினேன். ஓசி சிகரெட்டுக்கும் ஒரு விலை உண்டு. நாலாவது தடவை கேட்கும்போது ஒரு சின்னப் பையன், எனக்குக் கீழே டிரெயினி, பாக்கெட்டை மேஜைக்கு அடியில் தள்ளியதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

பிப்ரவரி 11, வியாழக்கிழமை, தை அமாவாசை. அப்பாவுக்குப் படையல். காக்கைக்குச் சோறு வைக்கும்வரை வீட்டில் எதுவும் தொடக் கூடாது, சிகரெட்டும் அதில் சேர்த்தி. அன்று காக்கை வரவே மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. ஒன்றரை வரை இருந்தாகிவிட்டதே, ராத்திரி வரை பார்ப்போம் என்று இருந்தேன். அவ்வளவுதான், பெரிய சபதம் எல்லாம் இல்லை.

முதல் மூன்று நாள் மோசம். தலை கனம், காரணமில்லாத கோபம், மலச்சிக்கல் (இதை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்). மெடிக்கலில் நிக்கோடின் கம் வாங்கி பபிள் கம் மாதிரி மென்று தள்ளினேன், விக்கல் நிற்கவே இல்லை. அப்புறம்தான் அட்டையில் இருந்த குறிப்பைப் படித்தேன். கொஞ்சம் மென்று, நாக்கில் சுருக்கென்று காரம் தட்டியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டுமாம். ஆசை வந்தால் சில நிமிடம்தான் நிற்கும், அந்த நேரத்தைத் தள்ளினால் போதும். சிகரெட் பாக்கெட்டிலேயே விடுவதற்கான இலவச உதவி எண் 1800-11-2356 அச்சடித்திருக்கும். சில்லறையில் வாங்குகிறவர்களுக்கு அதுவும் கண்ணில் படாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நடுவில் விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 2022-இல் ஒரு மூன்று வாரம் மறுபடி பிடித்தேன். ஆபீஸில் ஒரு பிரச்சினை, அது இங்கே வேண்டாம். அந்த மாதம் தவணை கட்ட முடியவில்லை. தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். அடுத்த மாதம் எட்டாயிரத்தோடு நாற்பது ரூபாய் சேர்த்துக் கட்டச் சொன்னார் அக்கா. வருடம் ஐம்பதாயிரத்தைப் புகையாக விட்டபோது வலிக்காதவனுக்கு அந்த நாற்பது ரூபாய் அப்படி வலித்தது. அபராதத்தை மனைவி எதிரில் எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்ததே, அதனால் இருக்கலாம். அதற்கப்புறம் தொடவில்லை.

அந்தப் பழைய ஜோக் எனக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது, யாரும் மறுபடி போட வேண்டாம். "பிடிக்காமல் இருந்திருந்தால் அந்தக் காசில் கார் வாங்கியிருக்கலாம்" என்று ஒருவர் சொல்ல, "நீங்கள்தான் பிடிப்பதில்லையே, உங்கள் கார் எங்கே?" என்று மற்றவர் கேட்பாரே, அதுதான். கேள்வி நியாயமானதுதான். பிடிக்காதவர் கையிலும் அந்தக் காசு நிற்பதில்லை, என் ஹார்லிக்ஸ் பாட்டிலில் நின்றதா? அதனால்தான் கைக்கு வருவதற்கு முன்னாலேயே வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்கிறேன். போஸ்ட் ஆபீஸ்தான் வேண்டும் என்றில்லை, வங்கி ஆர்.டி., நகைச்சீட்டு, எதுவானாலும் உங்கள் கைக்கு எட்டாமல் இருந்தால் சரி. சம்பளம் வந்த வாரத்திலேயே போய்விட வேண்டும், மாதக் கடைசியில் மிஞ்சியதை அல்ல.

இந்த ஜனவரியில் ஆர்.டி. முதிர்ந்தது. 2,78,787 ரூபாய். கட்டியது 2,40,000. "2021-இல் பவுன் நாற்பதாயிரத்துக்குள்தானே இருந்தது, மாதாமாதம் தங்கமாக வாங்கியிருந்தால் இன்றைக்கு லட்சத்தைத் தாண்டி நிற்கிறதே" என்று கணக்குப் போடப் போகிறவர்களுக்கு: அதை என் மைத்துனர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், பொங்கலன்று, எல்லார் எதிரிலும். அவர் தங்கம் வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை. அவர் இன்னும் நாளைக்கு ஒரு பாக்கெட்.

பணத்தில் பாதி பெண்ணின் காலேஜுக்கு ஒதுக்கியாயிற்று. மீதிக்கு என்ன செய்வது என்று வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். போன ஐந்தாம் தேதி அக்கா புது ஃபாரம் கொண்டுவந்தார், இந்த முறை ஐயாயிரம் என்று என்னைக் கேட்காமலே மனைவி எழுதிவிட்டார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, சர்க்கரை வாங்க அண்ணாச்சி கடைக்குப் போனேன். "இப்ப கிங்ஸ் என்ன விலை தெரியுமா தம்பி?" என்று ஆரம்பித்தார். சொல்லாதீங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, சர்க்கரையோடு ரெண்டு கடலை மிட்டாயும் வாங்கிக்கொண்டு வந்தேன்.