நவம்பரில் வெள்ளி நீர்வீழ்ச்சி: வண்டியை நிறுத்தலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நவம்பர் இரண்டாவது வாரம் காரில் கொடைக்கானல் போகிறோம். கூட மாமியார் வருகிறார், 70 வயது, மூட்டு வலி. சீசன் இல்லாத நேரத்தில் வெள்ளி நீர்வீழ்ச்சியில் தண்ணீர் இருக்குமா? கடைகள் இருக்குமா? இல்லை, நிறுத்தாமல் நேரே மேலே போய்விடலாமா?"

கண்டிப்பாக நிறுத்துங்கள். சீசன் என்று நாம் சொல்வது பள்ளி விடுமுறையை வைத்துத்தான், அருவியை வைத்து இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் ரோட்டை அடைத்துக்கொண்டு வண்டிகள் நிற்கும், பாறையிலோ நூல் மாதிரிதான் தண்ணீர் இறங்கும். கொடைக்கானலுக்கு நல்ல மழை கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் இரண்டு மூன்று மழை சரியாகப் பிடித்துவிட்டால் நவம்பரில் அந்த 180 அடிப் பாறை முழுக்க வெள்ளையாக இருக்கும், ரோட்டோரம் நின்றாலே கண்ணாடியில் சாரல் படியும். உங்கள் மாமியார் ஒரு படிகூட ஏற வேண்டாம், காரை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் அருவி எதிரே இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு இவ்வளவு தோதான அருவி அபூர்வம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் குளிக்க வேண்டாம், குடிக்கவும் வேண்டாம். இது ஊற்றுத் தண்ணீர் இல்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் உருவாக்கிய கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிந்து வரும் தண்ணீர், ஊரைத் தாண்டித்தான் இங்கே வந்து விழுகிறது. மேலே கனமழை என்றால் கீழே உங்களுக்கு வெயில் அடித்தாலும் வரத்து திடீரென்று கூடும். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினால் பிள்ளைகளைப் பாறைப் பக்கம் விடாதீர்கள். பாறையில் பாசி வேறு, செருப்பு நிற்காது.

நேரம்தான் முக்கியம். காலை பத்து, பதினொன்றுக்குள் அருவிக்கு வந்துவிடுகிற மாதிரி கிளம்புங்கள். மழைக்காலத்தில் மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் சத்தம் மட்டும் கேட்கும், அருவி தெரியாது. திருச்சியிலிருந்து விடியற்காலை புறப்பட்டு, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக வந்து, மலை ஏறும் முன்பே டிபனை முடித்துவிடுங்கள், ஆனால் அளவாக. வளைவுகளில் வயிற்றைப் புரட்டுவது பெரும்பாலும் வயிறு முட்டச் சாப்பிட்டவர்களுக்குத்தான். வழியில் டம்டம் பாறையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள், வானம் தெளிவாக இருந்தால் தலையாறு அருவி தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும், அதற்கும் இதுதான் நல்ல காலம். பாத்ரூம் வேலையைப் பெருமாள்மலையிலேயே முடித்துக்கொள்வது பெரியவர்களுக்கு நல்லது.

கடைகள் இருக்கும், குறைவாக. கரி அடுப்பில் சோளத்தைத் திருப்பித் திருப்பிச் சுட்டு, எலுமிச்சை மூடியை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டு அழுத்தித் தேய்த்துக் கொடுப்பார்கள். கூட்டமில்லாத நாளில் நம் சோளத்துக்கு முழு நேரமும் கிடைக்கும், நிதானமாகச் சுட்ட சோளத்தின் ருசியே தனி. மலைப்பூண்டு வாங்கலாம், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பிளம்ஸ் மட்டும் வேண்டாம், அது இந்த மலையில் கோடையில் காய்ப்பது, நவம்பரில் கூடையில் இருந்தால் வேறெங்கிருந்தோ வந்ததுதான். சோளத்தைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோ எடுக்க நிற்காதீர்கள், குரங்குகள் பின்னாலேயே இருக்கும். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டே இறங்குங்கள்.

அப்புறம், இ-பாஸ், அதாவது கொடைக்கானலுக்கு வண்டியில் வருகிறவர்கள் ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டு. 2024 மே 7-லிருந்து இருக்கும் ஏற்பாடு, கோடைக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் அருவியை ஒட்டிய நகராட்சி சுங்கச்சாவடியில் வந்து போனைத் தேடுகிறார்கள். இலவசம்தான், வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை, மீறிக் கொண்டுவந்தால் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி. எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு போங்கள்.

சனி, ஞாயிறைத் தவிருங்கள். தீபாவளியை ஒட்டிய நாட்களும் அப்படித்தான், அப்போது மே மாதக் கூட்டமே இருக்கும். கிளம்பும் நாளில் திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள், மலைப்பாதையில் மண் சரிந்து மரம் விழுந்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும், மூட்டு வலியோடு காரிலேயே உட்கார்ந்திருப்பது கொடுமை. இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள், ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். மாமியாருக்கு ஒரு ஸ்வெட்டரும் காதுக்கு ஒரு மஃப்ளரும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம்.