மருத்துவர் அம்மாவிடம் கேளுங்கள்: மனநல ஆய்வுக்குப் பணம் யார் தருவார்கள்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆய்வு நிதி பற்றியவை. மனநல மருத்துவத் துறையில் பாடம் நடத்தியதோடு, நிதி விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் குழுக்களிலும் நான் இருந்திருக்கிறேன். அதனால் இன்று பணம் கொடுக்கிறவர்கள் பக்கத்தில் இருந்து பேசுகிறேன்.

கேள்வி: மனநல மருத்துவ முதுநிலை இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பை ஆராய ஆசை. படிக்கும்போதே நிதி கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம், ஆனால் சின்னதாகக் கேளுங்கள். பெரிய நிதிகள் தனியாக ஆய்வு நடத்திக் காட்டியவர்களுக்குத்தான் போகும். பயிற்சியில் இருப்பவருக்கு வாய்ப்புள்ள இடங்கள் உங்கள் துறையின் உள்நிதியும் தொழில்முறைச் சங்கங்களின் முன்னோட்ட ஆய்வு நிதியும்தான். அமெரிக்கக் குழந்தை மற்றும் வளரிளம்பருவ மனநல மருத்துவ அகாதெமி போன்ற அமைப்புகள் பயிற்சி மருத்துவர்களுக்கென்றே அப்படி ஒன்றை வைத்திருக்கின்றன.

சரி, தலைப்புக்கு வருவோம். 'தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு' என்று முதல் வரியில் பார்த்தாலே எனக்குப் பேனா நின்றுவிடும். எந்த நோயாளிகள்? எதை வைத்து அளப்பீர்கள்? யாரோடு ஒப்பிடுவீர்கள்? இப்படி மாற்றிப் பாருங்கள்: 'மனச்சோர்வோடு தூக்கமின்மையும் உள்ள புறநோயாளிகளுக்கு, வழக்கமான சிகிச்சையோடு தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) கொடுத்தால், எட்டாவது வாரத்தில் மனச்சோர்வின் கடுமையை அளக்கும் ஹாமில்டன் மதிப்பெண் கூடுதலாகக் குறைகிறதா?' இப்போது கேள்வி தெளிவாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு ஓட்டையும் இருக்கிறது. ஹாமில்டன் அளவுகோலின் 17 கேள்விகளில் 3 தூக்கத்தைப் பற்றியவை. படுத்ததும் தூக்கம் வராதது, நடுவில் விழிப்பது, விடியுமுன் எழுந்துவிடுவது. ஒவ்வொன்றுக்கும் 2 வீதம் 6 மதிப்பெண். தூக்கத்தைச் சரிசெய்தாலே, மனச்சோர்வு அப்படியே இருந்தாலும், மொத்த மதிப்பெண் இறங்கிவிடும். குழுவில் ஒருவராவது இதைப் பிடிப்பார். 'அந்த 3 கேள்விகளை நீக்கியும் கணக்கிட்டுக் காட்டுவேன்' என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிட்டால், இந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியும் என்று அவரே உங்களுக்காக வாதாடுவார்.

இன்னொன்று. இந்தக் கேள்விக்கு முழுப் பதில் காண உங்கள் பயிற்சிக் காலமும் போதாது, சின்ன நிதியும் போதாது. அதனால் இன்னும் நறுக்குங்கள்: தகுதியுள்ளவர்களில் எத்தனை பேர் சேரச் சம்மதிக்கிறார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசி அமர்வு வரை வருகிறார்கள்? முன்னோட்ட ஆய்வின் வேலை இதுதான். இருபது பேரை வைத்துக்கொண்டு சிகிச்சை பலன் தருகிறது என்று சொல்லக் கிளம்பாதீர்கள். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் வரும் பலன் அளவை நம்பி அடுத்த பெரிய ஆய்வைத் திட்டமிட்டால், அதுவும் சேர்ந்து கவிழும்.

கேள்வி: உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். காலை முதல் மாலை வரை நோயாளிகள், நடுவில் வகுப்பு. கருவிக்கும் உதவியாளருக்கும் பணம் கிடைத்தாலும், ஆய்வு செய்ய எனக்கு நேரம் எங்கே?

பதில்: அப்படியானால் நேரத்தையே கேளுங்கள். ஆய்வுக்கு என்று தரும் பணம் ஒரு வகை, ஆளுக்கு என்று தரும் பணம் இன்னொரு வகை. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் தரும் கே23 இரண்டாவது வகை. நோயாளிகளை நேரடியாக வைத்து ஆய்வு செய்யும் மருத்துவருக்கு, வழிகாட்டி ஒருவரின் கீழ், சம்பளத்துக்கே பணம் கொடுக்கிறது. பதிலுக்கு உழைப்பில் குறைந்தது 75 சதவீதத்தை ஆய்வுக்கும் அதற்கான பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும். ஆனால் அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர் விண்ணப்பிக்க முடியாது. முனைவருக்குப் பிந்தைய பயிற்சியில் இருப்பவர்களுக்கான கே99 நிதிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

எந்த நாட்டில் இருந்தாலும் முயன்று பார்க்கலாம் என்றால், மூளை மற்றும் நடத்தை ஆய்வு அறக்கட்டளையின் இளம் ஆய்வாளர் நிதியைச் சொல்வேன். மூத்தவர்கள் இன்றும் நார்சாட் என்ற பழைய பெயரால்தான் அதைச் சொல்வார்கள். 1987 முதல் நன்கொடையை நம்பி ஆய்வுக்குக் கொடுத்துவருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 35,000 டாலர் வரை. உதவிப் பேராசிரியர் நிலையைத் தாண்டாதவர்களுக்குத்தான், வழிகாட்டியும் வேண்டும்.

இவற்றில் பலர் கோட்டைவிடுவது துறைத் தலைவரின் கடிதத்தில். 'இவர் திறமையானவர், துறை முழு ஆதரவு தரும்' என்ற கடிதத்தை நாங்கள் ஒரு நொடியில் தாண்டிவிடுவோம். 'நிதி கிடைத்தால் இவருக்கு வாரம் ஒரு நாள் மட்டுமே புறநோயாளிப் பணி, இரவுப் பணி கிடையாது, அந்த வேலையை இன்னார் பார்ப்பார்' என்று எழுதியிருந்தால் நின்று படிப்போம். அந்தக் கடிதத்தைத் தலைவர் எழுதட்டும் என்று காத்திருக்காதீர்கள், வரைவை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கேள்வி: என் விண்ணப்பத்துக்கு 48 மதிப்பெண் வந்தது. பாதி வந்துவிட்டது என்று நினைத்தேன், நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

பதில்: அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் முறை தலைகீழ். 10 மிகச் சிறந்தது, 90 மிக மோசம். 48 என்றால் பெரும்பாலும் பணம் வராது. ஆனால் திருத்தி இன்னொரு முறை அனுப்பலாம், அதற்கு 37 மாதம் வரை அவகாசம் உண்டு. கூடவே, குறைகளுக்கு என்ன செய்தீர்கள் என்று சொல்லும் ஒரு பக்க முன்னுரை வேண்டும். மூன்றாவது மதிப்பீட்டாளர் எதையும் புரிந்துகொள்ளவில்லை என்று அங்கே சண்டைக்குப் போகாதீர்கள். அதே ஆள் மறுபடியும் படிக்க வாய்ப்புண்டு.

கேள்வி: ஒரு காசும் இல்லாமல் ஆய்வு செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. மற்றவர்கள் திரட்டிய தரவைப் பயன்படுத்துங்கள். மனநோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களைத் தேடும் மனநல மரபணுவியல் கூட்டமைப்பின் தொகுப்பு முடிவுகளை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். 9, 10 வயதில் தொடங்கி ஏறக்குறைய 12,000 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துவரும் ஏ.பி.சி.டி. என்ற மூளை வளர்ச்சி ஆய்வின் தரவும், நிறுவனத்தின் வழியாக முறைப்படி விண்ணப்பித்தால் கிடைக்கும். அளவுகோலிலும் சிக்கனம் பார்க்கலாம். பெக் மனச்சோர்வு அளவுகோலுக்குக் காசு, மனச்சோர்வை அளக்கும் இன்னொரு வினாப்பட்டியலான பி.எச்.க்யூ-9 இலவசம்.

கேள்வி: மருந்து நிறுவனம் ஒன்று தானாக முன்வந்து நிதி தருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், எங்கு பேசினாலும் எழுதினாலும் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள். தரவு யாரிடம் இருக்கும்? மருந்து பலன் தரவில்லை என்று முடிவு வந்தால், நிறுவனத்திடம் அனுமதி கேட்காமல் வெளியிடலாமா? இரண்டாவதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.